டாக்டர் பான்ரிங்: தீவின் பெயர் பெற்ற மருந்து

நீரிழிவு என்பது அழகான சொல். அது குறிக்கும் நோய் அழகானதன்று. இழிதல் என்பதற்கு இறங்குதல், வடிதல் என்பன பொருள். உடம்பிலுள்ள நீர் நில்லாது வடிந்து போதலின் நீரிழிவாயிற்று. கிரேக்க வைத்தியர் இந்நோய்க்கு இட்ட பெயருக்கும் ஊடுசென்று வடிதல் என்பதே பொருள். பிற்காலத்தார் அப்பெயரோடு தேன்போன்றது என்னும் பொருள்படும் இலத்தீன் அடைமொழியொன்றைச் சேர்த்தனர். பாரத நாட்டு வைத்தியர் மதுமேகம் என்றனர்; மது என்பதும் தேனே. ஒருவர் முகத்தை ஒருவர் காணாத வைத்தியர்கள் ஒரே நோயைக் கண்டு ஒரே பொருளில் பெயரிட்டமை சொல்லாராய்ச்சியில் விருப்பமுடையார்க்கு இன்பந் தருவதொன்று. யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் இதன் பெயர் சலரோகம். சீனி வருத்தம் என்பாரும் உளர்.

பெயர் ஒன்றாயிருப்பதில் ஓர் இடரும் உண்டு. சலரோகம் என்றவுடன் நம் மனக்கண் முன் வருபவர் யார்? ஐம்பது அறுபது வயதைத் தாண்டியவர், உடல் பருத்தவர், தேநீரிற் சீனி வேண்டாம் என்று சொல்பவர். எட்டு வயதுப் பிள்ளையின் முகம் வருவதில்லை. ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் நீரிழிவு வரும். அது வேறு நீரிழிவு. பிறப்போடொட்டி வந்து உடம்பை மெலிவிப்பது ஒன்று, ஒழுக்கப் பிழையால் வந்து பருத்த உடம்பிற் காண்பது மற்றொன்று என இருவகையாகச் சுசுருதர் முன்னரே பிரித்துக் காட்டினார். நெடுங்காலஞ் சென்று 1936ஆம் ஆண்டில் இங்கிலாந்து வைத்தியர் ஹிம்ஸ்வேர்த் என்பவர் இவ்விரண்டும் வெவ்வேறு என்பதைப் பரிசோதனையால் நிறுவினார். இக்காலத்தார் அவற்றை முதலாம் வகை, இரண்டாம் வகை என்பர்.

முதலாம் வகை நீரிழிவு சீனி தின்றதனால் வருவதன்று. தாய் தந்தையர் செய்த பிழையால் வருவதுமன்று. உடம்பைக் காக்க வேண்டிய நிர்ப்பீடனம் தன் வீட்டையே பகைவர் வீடென மயங்கிச் சதையியிலுள்ள ஒருவகைக் கலங்களை அழித்துவிடுகின்றது. தமிழ்நாட்டார் கணையம் என்று வழங்கும் உறுப்பை நம் பாடநூல்கள் சதையி என்னும். அக்கலங்கள் சுரப்பதே இன்சுலின். அஃது இல்லையாயின், உண்ட உணவு வெல்லமாகிக் குருதியில் நிற்குமேயன்றி உடம்பிற் சேராது. நெல் நிறைந்த களஞ்சியத்தின் வாயிலிற் பசித்துக் கிடப்பவன் நிலையை அப்பிள்ளை எய்தும். 1922ஆம் ஆண்டு வரைக்கும் இந்நோய் வந்த பிள்ளைகளுள் ஒன்றிரண்டு ஆண்டுக்கு மேல் இருந்தவர் மிகச் சிலர்.

இவ்வரலாற்றை ஒரு தமிழாசிரியன் எழுதுவானேன் என்று கேட்கலாம். யான் கற்பிக்கும் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருக்கின்றாள். மதிய உணவுக்கு முன் ஒதுக்கமான ஓரிடத்திற் சென்று தானே தனக்கு ஊசி ஏற்றிக்கொண்டு வருவாள். இனிப்பை அள்ளித் தின்றாயோ என்று தோழியர் அவளைக் கேட்பதுண்டு. உறவினர் ஒருவர், ஊசியை நிறுத்திவிட்டு இலைச்சாறு கொடுத்துப் பார்க்கும்படி தாய்க்கு அறிவுரை கூறினாராம். தாய் நல்லவேளையாகக் கேட்கவில்லை. அந்த ஊசி எங்கிருந்து வந்தது, அதனை ஆக்கித் தந்தவர் யாவர், அதனை ஒருநாள் நிறுத்தினால் வருவது என்ன என்பவற்றை மாணாக்கருக்குச் சொல்ல வேண்டியது ஆசிரியர் கடமை என்று எண்ணினேன். சொல்லப் புகுந்தால் அது டாக்டர் பான்ரிங் அவர்களின் சரித்திரமாகவே முடிகின்றது.

பண்ணையும் போர்க்களமும்

பிரெடரிக் கிறான்ற் பான்ரிங் 1891ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 14ஆந் திகதி, கனடா நாட்டு ஒன்ராறியோ மாகாணத்தில், அலிஸ்ரன் என்னும் ஊரையடுத்த ஒரு பண்ணையிற் பிறந்தார். பெற்றோருக்கு ஐந்து பிள்ளைகள், இவர் கடைக்குட்டி. கமத்தொழில் செய்யும் குடும்பம், தெய்வபக்தியுள்ள குடும்பம். மண்ணோடும் மாட்டோடும் பழகி வளர்ந்தார். பள்ளியிற் சிறந்த மாணாக்கர் என்று பெயரெடுத்தவரல்லர். எழுத்துப்பிழை அவரை ஆயுள் முழுவதும் விட்டு நீங்கவில்லை.

1910ஆம் ஆண்டு ரொறொன்ரோ சர்வகலாசாலையைச் சேர்ந்த விக்ரோறியாக் கல்லூரியிற் புகுந்தார். முதலாண்டிலேயே தேர்வு தவறிற்று. ஒருவாறு முயன்று 1912ஆம் ஆண்டு வைத்தியப் பகுதிக்கு மாறினார். முதலாம் உலகப் போர் மூண்டது. வைத்தியர் வேண்டப்பட்டமையால் வகுப்புகளைச் சுருக்கி நடத்தினர். 1916ஆம் ஆண்டு இறுதியிற் பட்டம் பெற்றவுடன் படை வைத்தியராய்ப் புறப்பட்டார். 1918ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுக் கம்பிறே என்னுமிடத்தில் நடந்த போரில் வெடிகுண்டுச் சிதறல் அவர் வலக்கையைத் துளைத்தது. அந்தக் கையோடு பல மணி நேரம் மற்றவர் காயங்களுக்கு மருந்து கட்டினார். அதற்காக இராணுவச் சிலுவை விருது வழங்கப்பட்டது.

போர் முடிந்தபின் ரொறொன்ரோவிலுள்ள சிறுவர் வைத்தியசாலையிற் சத்திர வைத்தியம் பயின்றார். அங்கே நிலையான உத்தியோகம் கிடைக்கவில்லை. 1920ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஒன்ராறியோவிலுள்ள லண்டன் என்னும் நகரில் ஒரு வீடு வாங்கி வைத்தியராக அமர்ந்தார். நோயாளர் வரவில்லை. முதல் மாதம் முழுவதும் உழைத்த ஊதியம் 4 டொலர். வயிற்றுப்பாட்டுக்காக அந்நகரத்துச் சர்வகலாசாலையிற் பகுதிநேரப் போதனாசிரியர் வேலையொன்றை ஏற்றார். இருபத்தெட்டு வயது, கடன் உண்டு, மணம்பேசி வைத்த பெண்ணின் மனமும் விலகிக்கொண்டிருந்தது. உலகம் கைவிட்டது என்று சொல்லத்தக்க நிலை அது.

ஓர் இரவுக் குறிப்பு

1920ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு. மறுவாரம் மாணாக்கருக்கு வெல்லம் உடம்பிற் பயன்படும் முறை பற்றி விரிவுரை நிகழ்த்த வேண்டும். பாடத்துக்கு ஆயத்தஞ் செய்யும்பொருட்டு நூல்களைப் புரட்டினார். அன்று வந்த வைத்தியச் சஞ்சிகையொன்றில் பறன் என்பவர் எழுதிய கட்டுரை கண்ணிற் பட்டது.

அக்கட்டுரையின் சிறப்பு விளங்க வேண்டின், முன்கதை சிறிது தெரிய வேண்டும். 1869ஆம் ஆண்டு லங்கர்ஹான்ஸ் என்னும் ஜேர்மானிய மாணாக்கர், சதையிக்குள்ளே மற்றக் கலங்களினின்றும் வேறுபட்ட சிறு கலத்தொகுதிகள் இங்குமங்குமாய்ச் சிதறிக் கிடப்பதைக் கண்டார். கடலிடைத் தீவுகள் போன்று கிடத்தலின் அவற்றுக்குத் தீவு என்னும் பெயரே நிலைத்தது. 1889ஆம் ஆண்டு மின்கோவ்ஸ்கி, மேறிங் என்னும் இருவர் ஒரு நாயின் சதையியை நீக்கினர். நாய்க்கு நீரிழிவு வந்தது. ஆகவே, நீரிழிவைத் தடுக்கும் ஏதோவொன்று சதையியில் உண்டு. அஃது அத்தீவுகளிற் பிறக்கின்றது என்னும் கருத்து வலுப்பெற்றது. அதனைப் பிரித்தெடுக்கப் பலர் முயன்றனர். எவரும் நோயாளருக்குப் பயன்படும்படி எடுத்தாரல்லர்.

பறன் கண்டது இது: சதையியின் கானைக் கல்லொன்று அடைத்துவிட்டால், உணவைச் செரிக்கும் நீரைச் சுரக்கும் பகுதி வாடிப்போகும், தீவுகள் மட்டும் வாடாமல் இருக்கும். பான்ரிங் இதைப் படித்துவிட்டுப் படுத்தார், உறக்கம் வரவில்லை. பின்னிரவில் எழுந்து குறிப்பேட்டிற் சில வரிகள் எழுதினார். நாயின் சதையிக்கானைக் கட்டிவிடுதல். செரிப்புநீர்ப் பகுதி வாடும்வரை காத்திருத்தல். எஞ்சிய தீவுகளிலிருந்து சாற்றை எடுத்தல். இவ்வளவே எண்ணம். அக்குறிப்பின் தலைப்பில் நீரிழிவைக் குறிக்கும் சொல்லையே அவர் பிழையாக எழுதினார். எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மையாற் கோடிடுவது எம் தொழில். ஆயினும், இலட்சக்கணக்கான பிள்ளைகளின் உயிர் அந்தப் பிழைபட்ட சொல்லின் கீழ் எழுதிய வரிகளிலிருந்து தொடங்கிற்று என்பதையும் மறத்தற்கில்லை.

வேனிற்காலச் சோதனை

அக்காலத்தில் இத்துறையிற் பெயர்பெற்றவர் ரொறொன்ரோச் சர்வகலாசாலைப் பேராசிரியர் மக்லியொட். நவம்பர் மாதம் பான்ரிங் அவரைச் சென்று கண்டார். ஆராய்ச்சிப் பயிற்சியில்லாத ஒரு சத்திர வைத்தியர், பெரியோர் பலர் தோற்ற காரியத்தைச் செய்ய முன்வந்தால் யாரும் ஐயுறுவர். பேராசிரியரும் ஐயுற்றார். எனினும் வாயிலை மூடவில்லை. ஆய்வுகூடத்தில் இடமும் சில நாய்களும் தந்து, செய்முறையும் சொல்லி, துணைக்கு ஒரு மாணாக்கரையும் கொடுத்தார். இரு மாணாக்கருள் யார் முதலிற் சேர்வது என்பதை நாணயஞ் சுண்டித் தீர்த்தனர். சேர்ந்தவர் இருபத்திரண்டு வயதினரான சாள்ஸ் பெஸ்ற்.

1921ஆம் ஆண்டு மே மாதம் 17ஆந் திகதி வேலை தொடங்கிற்று. பேராசிரியர் வேனில் விடுமுறைக்குத் தம் தாயகமான ஸ்கொத்லாந்துக்குப் போயினார். வெப்பம் மிக்க மேல்மாடி அறை, கைச்செலவுக்குப் பணமில்லை, பான்ரிங் தம் மோட்டார் வண்டியை விற்றார். நாய்கள் பல இறந்தன. ஜூலை 30ஆந் திகதி, நீரிழிவு நோயுற்ற நாயொன்றுக்குச் சாற்றை ஏற்றினர். குருதியிலிருந்த வெல்லத்தின் அளவு இறங்கிற்று. அந்நாய் அடுத்த நாள் மாண்டது. ஆனாலும் வழி திறந்துவிட்டது. பின்னர் ஒரு நாய் இச்சாற்றினாற் பல வாரம் உயிர் வாழ்ந்தது.

உண்மையொன்று இங்கே சொல்ல வேண்டும். கானைக் கட்டிக் காத்திருக்க வேண்டும் என்ற அந்த இரவு எண்ணம் தேவையற்றதாய் முடிந்தது. கசாப்புச்சாலையிலிருந்து கொணர்ந்த மாட்டுச் சதையியை முழுமையாகவே அற்ககோலில் இட்டுச் சாறெடுக்கலாம் என்பதை அவர்களே பின்னர் கண்டனர். எண்ணம் பிழை, எண்ணம் செலுத்திய திசை சரி. அறிவியல் வரலாற்றில் இப்படி நிகழ்வது அரிதன்று.

சாறு தூயதாக இல்லை. டிசம்பர் மாதம் கொலிப் என்னும் உயிரிரசாயன அறிஞர் வந்து சேர்ந்தார். தூய்மையாக்கும் கலையில் அவர் வல்லவர். ஆகவே, இன்சுலினைக் கண்டவர் ஒருவரல்லர். பான்ரிங் எண்ணத்தையும் விடாமுயற்சியையும் தந்தார், பெஸ்ற் அளவிட்டார், கொலிப் தூய்மை செய்தார், மக்லியொட் நெறிப்படுத்தினார். இவர்களையன்றி, உருமேனியா நாட்டுப் பவுலெஸ்கு என்பவரும் 1921ஆம் ஆண்டிலேயே இத்தகைய சாற்றை நாய்களுக்கு ஏற்றிப் பயன்கண்டு எழுதியிருந்தார். அவர் பெயரையும் நினைத்தல் நன்றியுடைமை.

சைவாசாரமுள்ள நம்மவர்க்கு இங்கே மனம் இடறும். நாய்களை மாய்த்தும் மாட்டினதும் பன்றியினதும் உறுப்பிலிருந்து வடித்தும் பெற்ற மருந்து அது. கொல்லாமையை முதலறமாகக் கற்பிக்கும் எனக்கும் அப்பகுதியைப் படிக்கையில் நெஞ்சு உறுத்தியது. அந்த உறுத்தலை மறைக்க வேண்டியதில்லை. அறுபதாண்டுக் காலம் உலகத்துக்கு வேறு வழியிருக்கவில்லை. 1978ஆம் ஆண்டு பற்றீரியாவைக்கொண்டு மனித இன்சுலினை ஆக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டது. 1982ஆம் ஆண்டு அது மருந்தாக வெளிவந்தது. இன்று நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இவ்வாறு நுண்ணுயிர்கொண்டு ஆக்கப்படுவதே.

முதற் பிள்ளைகள்

ரொறொன்ரோப் பொது வைத்தியசாலையில் லெனாட் தொம்சன் என்னும் சிறுவன் கிடந்தான். பதின்மூன்று பதினான்கு வயது. நிறை 65 இறாத்தல். உணவைக் குறைப்பதன்றி வேறு வைத்தியம் அக்காலத்தில் இல்லை. அலன் என்னும் அமெரிக்க வைத்தியர் வகுத்த பட்டினி முறையே உலகெங்கும் நடந்தது. நோயினால் இறக்க வேண்டிய பிள்ளை பட்டினியாற் சிறிது காலந்தாழ்த்தி இறக்கும், அவ்வளவே வேறுபாடு.

1922ஆம் ஆண்டு ஜனவரி 11ஆந் திகதி லெனாட்டுக்கு முதல் ஊசி ஏற்றப்பட்டது. பயன் மிகச் சிறிது. ஊசி ஏறிய இடத்திற் புண் கண்டது. நிறுத்திவிட்டனர். கொலிப் இரவு பகலாய் உழைத்துச் சாற்றைத் தூய்மையாக்கினார். ஜனவரி 23ஆந் திகதி மீண்டும் ஏற்றினர். 520 மில்லிகிராமாக நின்ற குருதி வெல்லம் ஒரே நாளில் 120க்கு இறங்கிற்று. சிறுவன் கண்கள் தெளிந்தன, எழுந்து நடந்தான். மேலும் 13 ஆண்டு வாழ்ந்து 1935ஆம் ஆண்டு நியுமோனியாக் காய்ச்சலால் இறந்தான்.

அதே ஆண்டு ஓகஸ்ற் மாதம் எலிசபெத் ஹியூஸ் என்னும் சிறுமி வந்தாள். அமெரிக்க இராசாங்கச் செயலாளரின் மகள். செல்வத்துக்குக் குறைவில்லை; பதினைந்து வயதை எட்டுகையில் நிறை மட்டும் 45 இறாத்தல். பான்ரிங் தாமே வைத்தியஞ் செய்தார். அவள் வளர்ந்து, மணஞ்செய்து, மக்களைப் பெற்று, 1981ஆம் ஆண்டு எழுபத்துமூன்று வயதிற் காலமானாள். இடையில் அவள் ஏற்றிக்கொண்ட ஊசி ஏறத்தாழ 42,000.

மருந்துக்குப் பெயர் வேண்டியிருந்தது. இலத்தீனில் இன்சுலா என்பது தீவு. தீவுகளிற் பிறப்பதாதலின் இன்சுலின் என்றனர். கடல்சூழ்ந்த நெடுந்தீவும் நயினாதீவும் வேலணையும் உடைய நமக்கு அப்பெயரை நினைவில் வைத்தல் எளிது.

ஒரு டொலர்

இந்த மருந்தின் உரிமையைப் பான்ரிங்கும் தோழரும் தமக்கென வைத்திருப்பின் குபேரராயிருப்பர். நோய் தீர்ப்பேன் என்று சத்தியஞ் செய்த வைத்தியன் மருந்துக்கு உரிமை கொண்டாடுதல் தகாது எனக் கருதிப் பான்ரிங் முதலில் உரிமைப் பத்திரத்திற் பெயரிடவே தயங்கினார். 1923ஆம் ஆண்டு பான்ரிங், பெஸ்ற், கொலிப் மூவரும் ஆளுக்கு ஒரு டொலர் பெற்றுக்கொண்டு உரிமையைச் சர்வகலாசாலைக்குக் கொடுத்தனர். வேறெவரும் முந்திக்கொண்டு உரிமை கோரி மருந்தை அடைத்துவைக்கலாகாது என்பதே நோக்கம். டென்மார்க்கு நாட்டு அறிஞர் குறோக் என்பவர் நீரிழிவு நோயாளியான தம் மனைவியின் பொருட்டு இம்மருந்தில் நாட்டங்கொண்டு ரொறொன்ரோவுக்கு வந்து, அனுமதி பெற்று, தம் நாட்டில் ஆக்கத் தொடங்கினார். அமெரிக்காவில் எலி லில்லி என்னும் நிலையம் பெருமளவில் ஆக்கிற்று. இரண்டே ஆண்டில் மருந்து கடல் கடந்துவிட்டது.

1923ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு பான்ரிங்குக்கும் மக்லியொட்டுக்கும் வழங்கப்பட்டது. பான்ரிங்குக்கு வயது முப்பத்திரண்டு. அத்துறையில் அவரினும் இளையவர் இன்றுவரை பரிசு பெறவில்லை. அவர் மகிழவில்லை, சினந்தார். பெஸ்றை விட்டுவிட்டு மக்லியொட்டைச் சேர்த்தனரே என்பது சினத்துக்குக் காரணம். தம் பங்கிற் பாதியைப் பெஸ்றுக்குக் கொடுத்தார். மக்லியொட் தம் பங்கிற் பாதியைக் கொலிப்புக்குக் கொடுத்தார். பான்ரிங் குணக்குன்று என்று நான் சொல்லமாட்டேன். முன்கோபி, மக்லியொட்டின் துணையைக் கடைசிவரை மனமார ஒப்புக்கொள்ளவில்லை. முதல் மணவாழ்வும் முறிந்தது. ஆயினும் பொருளாசை அவரை அண்டவில்லை. பிறர் புகழைத் தம்மிடம் கேட்டபோது சினந்தவர், தம் பொருளைப் பிறர் கேட்குமுன் கொடுத்தார்.

கனடா அரசாங்கம் அவருக்கு ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு 7,500 டொலர் வழங்கிற்று. 1934ஆம் ஆண்டு சேர் பட்டம் கிடைத்தது. ஓவியம் தீட்டுவதில் அவருக்குப் பேரார்வம். பனிபடர்ந்த வடபுலம் வரை தூரிகையோடு சென்றார். புற்றுநோய், சுரங்கத் தூசினால் வரும் நுரையீரல் நோய், ஆகாய விமானிகளின் உடல்நிலை என்பவற்றை ஆராய்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது ஆராய்ச்சிக் காரியமாக இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். 1941ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் திகதி அவர் ஏறிய விமானம் நியூபவுண்லாந்துப் பனிக்காட்டில் விழுந்தது. விமானி பிழைத்தார். பான்ரிங் மறுநாள் உயிர் நீத்தார். வயது நாற்பத்தொன்பது.

அவர் பிறந்த நவம்பர் 14ஆந் திகதியை 1991ஆம் ஆண்டு முதல் உலக நீரிழிவு நாளாகக் கொண்டாடுகின்றனர். இந்தியாவில் அது சிறுவர் தினமுமாகும். தற்செயலே எனினும் பொருத்தமான தற்செயல்.

எண்ணிக்கை சொல்லும் கதை

மருந்து வந்தபின் நோய் குறைந்ததா? இல்லை. இன்சுலின் நோயை மாற்றும் மருந்தன்று. உயிரைத் தாங்கும் மருந்து. நாள்தோறும் ஏற்ற வேண்டும். நோய் வரும் பிள்ளைகளின் தொகையோ ஏறிக்கொண்டே வந்தது. பின்லாந்து நாட்டில் 1980ஆம் ஆண்டு, பதினைந்து வயதுக்குட்பட்ட ஓர் இலட்சம் பிள்ளைகளில் 31 பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. 2005ஆம் ஆண்டு 64 பேருக்குக் கண்டது. இருபத்தைந்து ஆண்டில் இருமடங்கு. உலக சுகாதார நிலையம் 1990ஆம் ஆண்டளவில் பல நாட்டுப் பதிவேடுகளை ஒன்றுதிரட்டத் தொடங்கிற்று. அந்தப் பத்தாண்டில் உலகத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று வீதம் பெருகியமை அதனால் தெரிந்தது. ஒரு தலைமுறைக்குள் மனிதரின் பரம்பரை மாறிவிடாது. ஆகவே சூழலிலும் வாழ்விலும் நேர்ந்த மாற்றமே காரணமாதல் வேண்டும். வைரசு நோய்கள் முதலாகப் பலவற்றை அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர்.

தமிழருக்கு இது வராது என்று எண்ணுதல் கூடாது. சென்னையில், ஸ்ரான்லி வைத்தியசாலையில் 1948ஆம் ஆண்டு நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியவர் டாக்டர் விசுவநாதன். 1954ஆம் ஆண்டு இராயபுரத்தில் தனி வைத்தியசாலையும் நிறுவினார். 1990களின் முற்பகுதியில் அந்நகரத்து வைத்தியர்கள் பதிவேடு ஒன்றை வைத்து எண்ணிப் பார்த்தனர். ஆண்டுக்கு ஓர் இலட்சம் பிள்ளைகளில் பத்துப் பேருக்குச் சிறிது மேல் என்று கணக்கு வந்தது. பின்லாந்தினும் குறைவு; ஆனால் முன்னர் பலர் எண்ணியதுபோல் இல்லையென்று சொல்லத்தக்க சிறுதொகையன்று.

எண்ணிக்கையில் ஒரு நுட்பமுண்டு. நோய் இன்னதென்று அறியப்பட்ட பிள்ளையே கணக்கிற் சேரும். அறியப்படாமல் இறந்த பிள்ளை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. காய்ச்சலால், வாந்தியால், இழுப்பால் இறந்ததென்று ஊரார் சொல்லி முடித்துவிடுவர். ஆகவே, ஒரு நாட்டிற் கணக்குக் குறைந்திருப்பின் அந்நாட்டிற் பிள்ளைகள் நலமாயிருக்கின்றனர் என்று துணிதல் இயலாது. 2022ஆம் ஆண்டு அறிஞர் குழுவொன்று செய்த மதிப்பீட்டின்படி, 2021ஆம் ஆண்டில் உலகில் 84 இலட்சம் பேர் முதலாம் வகை நீரிழிவோடு வாழ்ந்தனர். அதே ஆண்டில் நோய் அறியப்படாமலே இறந்தோர் ஏறத்தாழ 35,000. அவருள் நம் தென்னாசியாவிற் சேர்ந்தோர் 8,700 அளவினர்.

அம்மதிப்பீட்டில் மற்றொரு கணக்கும் உண்டு. பத்து வயதில் நோய் காணப்பட்ட பிள்ளை, செல்வ நாடுகளில் அதன்பின் சராசரி 65 ஆண்டு வாழும். மிக வறிய நாடுகளில் 13 ஆண்டே வாழும். 13 என்ற எண்ணைப் பார்த்தவுடன் எனக்கு லெனாட் தொம்சன் நினைவு வந்தது. இன்சுலின் பிறந்த அன்று அதைப் பெற்ற முதற் சிறுவன் எத்தனை ஆண்டு வாழ்ந்தானோ, நூறாண்டு கழித்து வறிய நாட்டிற் பிறந்த பிள்ளையும் அத்தனை ஆண்டே வாழ்கின்றது. ஒரு டொலருக்குக் கொடுத்த மருந்து எல்லார் கைக்கும் இன்னும் எட்டவில்லை. பின்வந்த புதுவகை இன்சுலின்கள் வேறு உரிமைகளுக்கு உட்பட்டன.

குடாநாட்டில்

நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகள் இன்சுலினை இலவசமாகத் தருவது பெரும் பேறு. அந்தப் பேறும் அறுந்துபோகக் கூடியது என்பதைக் குடாநாட்டாருக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1990ஆம் ஆண்டு முதற் பல ஆண்டுகள் இங்கே மின்சாரமில்லை. பாதை மூடிக் கிடந்தது. மருந்துப்பெட்டி ஒன்று வந்து சேர்வது பெருங்காரியம். இன்சுலினோ வெப்பத்திற் கெடுவது. குளிர்ப்பெட்டியில்லாத இடத்தில் அதனை மண்பானையில் வைத்து, அப்பானையை ஈரமணலில் இருத்திக் குளிர்மை காத்தல் பல நாடுகளிற் கைக்கொள்ளும் முறை. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலும் மருந்துத் தட்டுப்பாடு நாடெங்கும் நேர்ந்தது. இன்சுலின் வேண்டிய பிள்ளைக்குத் தட்டுப்பாடு என்பது ஒரு சில நாட் கணக்கு.

1983ஆம் ஆண்டின் பின் இடம்பெயர்ந்த நம்மவர் மிகப் பலர் குடியேறிய நகரம் ரொறொன்ரோ. இங்கே அந்நகரில் உறவினர் இல்லாத வீடு அரிது. அங்கிருந்து வரும் கடிதத்திற் பனியைப் பற்றியும் குளிரைப் பற்றியும் அறிகின்றோம். அந்நகரத்து மேல்மாடி அறையொன்றில் 1921ஆம் ஆண்டு வேனிற்காலத்தில் நடந்த வேலையே நம் வகுப்பறைப் பிள்ளையை உயிரோடு வைத்திருக்கின்றது என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

இனி ஆசிரியர்க்கு ஒரு சொல். இத்தாலியிற் பார்மா என்னும் மாகாணத்தில் 1991ஆம் ஆண்டு வைத்தியர்கள் ஓர் எளிய காரியஞ் செய்தனர். பிள்ளைக்குத் தாகம் மிகுந்தாலோ, அடிக்கடி சிறுநீர் கழித்தாலோ, படுக்கை நனைத்தலை விட்ட பிள்ளை மீண்டும் நனைத்தாலோ வைத்தியரிடம் காட்டுக என்று எழுதிய சுவரொட்டியை 177 பாடசாலைகளில் ஒட்டுவித்தனர். அதற்கு முன், நோய் காணப்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு 78 பேர் குருதியில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தான நிலையில் வந்தனர். அதன்பின் அத்தொகை நூற்றுக்கு 12 அல்லது 13 ஆகக் குறைந்தது. மருந்து புதிதன்று, கருவி புதிதன்று. சுவரிற் காகிதம், அதைப் படித்த ஆசிரியர், பெற்றோர் கண்.

நம் வகுப்பிலும் தண்ணீர்ப் போத்தலை ஓயாது வெறுமையாக்கும் பிள்ளை, பாட நடுவிற் பலமுறை வெளியே போக அனுமதி கேட்கும் பிள்ளை, நன்றாக உண்டும் சில வாரத்தில் மெலிந்த பிள்ளை, சோர்ந்து மேசையிற் தலைசாய்க்கும் பிள்ளை இருப்பின், குறும்பு என்று கொள்ளாது அன்றே பெற்றோருக்கு அறிவித்தல் வேண்டும். வாந்தியும் வயிற்றுவலியும் ஆழ்ந்த மூச்சும் பழவாடையும் கண்டால் நாளைக்கு என்று தாழ்த்தலாகாது. விரல் நுனியில் ஒரு துளி குருதி எடுத்துப் பார்த்தால் சில நொடியில் விடை தெரியும். நோய் இதுவென்று அறிந்தபின், எவர் எந்த இலைச்சாற்றைப் புகழ்ந்தாலும் இன்சுலினை நிறுத்தலாகாது. பத்தியம் வேண்டும், பாட்டி வைத்தியம் வேண்டும் என்பார் அவற்றை ஊசியோடு கூட வைத்தியரைக் கேட்டுச் செய்யலாமேயன்றி, ஊசிக்குப் பதிலாகச் செய்தல் தகாது.

பரராசசேகரமும் செகராசசேகரமும் இயற்றிய நாடு இது. டாக்டர் கிறீன் மானிப்பாயிலிருந்து மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்த நாடும் இது. நோயின் பெயரைத் தமிழில் அறிவோம். அந்நோயின் இரு வகையையும் தமிழில் வேறு பிரித்துச் சொல்லப் பழகுவோமாக. வருகின்ற நவம்பர் 14ஆந் திகதி பாடசாலைக் காலைக் கூட்டத்தில் பான்ரிங் அவர்களின் கதையை ஐந்து நிமிடத்திற் சொல்லலாம். அன்றே சுவரில் ஒரு காகிதமும் ஒட்டலாம்.